இடம் மாறிய இரண்டு வார்த்தைகள்

ஆவூருக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. சின்ன ஊர், பெரிய சரித்திரம். 1747-இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அதற்கும் முன்பே அங்கே பாதிரியார்கள் வந்து கோயில் கட்டியிருக்கிறார்கள். நம்ம வீரமாமுனிவரும் பணியாற்றிய ஊர் அது. ஈஸ்டரை ஒட்டி பாஸ்கா நாடகம், தேர் என்று ஊரே ஜேஜே என்றிருக்கும். நானும் தேர் பார்க்கத்தான் போனேன்.

டீக்கடையில் ஒரு பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கல்லூரியில் முதல் வருஷம். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு தாள். "சார், ஸ்காலர்ஷிப்புக்கு லெட்டர். இங்கிலீஷ் கரெக்டா இருக்கான்னு பாருங்க சார்."

பார்த்தேன். ஸ்காலர்ஷிப் என்ற பிரிவிலேஜை அக்வயர் பண்ண பெரிய மனசோடு அருள வேண்டும் என்று எழுதியிருந்தான். பிரிவிலேஜ் ஸ்பெல்லிங்கில் ஜி-க்கு முன்னால் தேவையில்லாமல் ஒரு டி.

முதலில் அந்த டி-யை அடித்தேன். பாதி இந்தியா செய்கிற தப்பு அது. வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அப்புறம் தப்பு வராது. லத்தீனில் 'ப்ரீவுஸ்' என்றால் தனி ஆள். 'லெக்ஸ்' என்றால் சட்டம். இரண்டும் சேர்ந்தது பிரிவிலேஜ். 'லெக்ஸ்'ஸில் டி கிடையாது, அதனால் இதிலும் கிடையாது. தமிழ்-லத்தீன் அகராதி செய்த வீரமாமுனிவர் அந்த டீக்கடையில் இருந்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

ஆக, பிரிவிலேஜ் என்றால் ஒரு ஆளுக்கென்று தனியாகப் போட்ட சட்டம். பழைய ரோமாபுரியில் இது நல்ல வார்த்தையே இல்லை. ஒருத்தனைக் குறிவைத்து அப்படிச் சட்டம் போடக்கூடாது என்று அவர்களுடைய பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே தடை இருந்தது. கிமு 58-இல் சிசரோவை ஊரைவிட்டு விரட்டினார்களே, அதற்குப் போட்ட சட்டத்தை அவர் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் திட்டினார். எல்லாருக்கும் இல்லாதது, ஒருத்தருக்கு மட்டும் இருப்பது. அதுதான் வார்த்தையின் உயிர்.

அதனால்தான் ஆங்கிலத்தில் பிரிவிலேஜை அக்வயர் பண்ணலாம், கொடுக்கலாம், பிடுங்கலாம், அனுபவிக்கலாம். 'பேசுகிற பிரிவிலேஜ் கிடைத்தது' என்று மேடையில் அடக்கமாகச் சொல்லலாம். ரைட் அப்படி இல்லை. அதிலும் அடிப்படை உரிமையை யாரும் அக்வயர் பண்ணுவது கிடையாது. பிறக்கும்போதே கூட வருவது அது. மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. அரசாங்கம் ஒரு விதி போட்டு, இன்ன தகுதி இருந்தால் இவ்வளவு பணம் என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அப்போது எழுத வேண்டிய வார்த்தை என்டைட்டில்டு. 'எனக்கு உரியது, கொடுங்கள்' என்று அர்த்தம். அருளுங்கள் என்று அல்ல.

பையனின் லெட்டரில் பிரிவிலேஜை அடித்துவிட்டு அதை எழுதினேன். இங்கிலீஷ் பாடம் அதோடு முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது இங்கிலீஷ் மேல் இல்லை. பையன் தமிழில் யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். தமிழில் இந்த இரண்டு வார்த்தைகளையும் நாம் இடம் மாற்றி வைத்துவிட்டோம்.

பேப்பரில் 'உரிமை மீறல்' என்று தலைப்பு வந்தால் என்ன நினைப்பீர்கள்? யாரோ ஒரு ஏழையின் உரிமை பறிபோய்விட்டது என்றுதானே? மனித உரிமை மீறல் என்கிறோமே, அது மாதிரி. ஆனால் சட்டமன்றச் செய்தியில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேறு. சபைக்கு இருக்கிற பிரிவிலேஜை வெளியில் இருக்கிற நீங்களோ நானோ மீறிவிட்டோம் என்று பொருள். அதை விசாரிக்கிற குழுவுக்குப் பெயரும் 'உரிமைக் குழு'. 'சிறப்புரிமை' என்று நல்ல தமிழ் வார்த்தை கையில் இருக்கிறது. சிறப்பை மட்டும் வசதியாக உதிர்த்துவிட்டோம்!

அப்படி உதிர்ந்ததில் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருத்தர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி. அவ்வளவுதான். ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாசம் கடுங்காவல் என்று சபை தீர்ப்புச் சொல்லி, அவரை ஜெயிலுக்கும் அனுப்பிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு நாளில் விட்டார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் அடையாள இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2003 நவம்பரில் இந்து பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்றது சபை. உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இரண்டு தடவையும் செய்தியில் வந்த வார்த்தை 'உரிமை மீறல்'. உண்மையில் பேச்சுரிமை என்கிற உரிமை அங்கே யாருக்குப் போனது, சொல்லுங்கள்?

சபைக்குள் பேசுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது என்கிற பாதுகாப்பு அவசியம். அதை நான் மறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் வாயே திறக்க முடியாது. ஆனால் எதுவரை? அரசியல் சட்டத்தின் 194-ஆவது பிரிவு, நாம் ஒரு சட்டம் போட்டு வரையறுக்கும்வரை லண்டனில் காமன்ஸ் சபைக்கு என்னென்ன உண்டோ அவையெல்லாம் நம் சபைக்கும் உண்டு என்று முதலில் சொன்னது. 1978-இல் லண்டன் பெயரை எடுத்தார்கள், சரக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஓட்டுப் போட லஞ்சம் வாங்கிய எம்.பி. மேல் வழக்கே போட முடியாது, அது பிரிவிலேஜ் என்று 1998-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அது தப்பு என்று ஏழு நீதிபதிகள் சொல்ல 2024 மார்ச் வரை ஆனது. இருபத்தாறு வருஷம்!

இந்த விஷயத்தில் மகாராஜாக்கள் தேவலாம். புதுக்கோட்டை 17 குண்டு மரியாதை வாங்கிய சமஸ்தானம். 1948-இல் இந்தியாவோடு சேர்ந்தது. எல்லா ராஜாக்களுக்கும் கொடுத்த பணத்தை ஆங்கிலத்தில் பிரிவி பர்ஸ் என்றார்கள். அந்த பிரிவியும் நம்ம லத்தீன் 'ப்ரீவுஸ்' குடும்பம்தான். தமிழில் அதை எவ்வளவு நேர்மையாகச் சொன்னார்கள், பாருங்கள். மன்னர் மானியம்! உரிமை என்று ஒருத்தரும் பூச்சு வேலை செய்யவில்லை. 1971-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை ஒழித்தபோது ஜனங்களுக்கு எதை ஒழிக்கிறார்கள் என்று பளிச்சென்று புரிந்தது. அந்த அரண்மனையில்தான் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது.

இப்போது மறுபக்கம். இட ஒதுக்கீட்டை என்னவென்று சொல்கிறோம்? சலுகை. படித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வாய் கூசாமல் சொல்கிறார்கள். ஊனமுற்றவருக்கு பஸ்ஸில் ஒதுக்கிய சீட், சலுகை. அந்த சீட்டில் இருந்து எழுந்துகொள்கிறவர் முகத்தைப் பாருங்கள், தன் சொத்தை எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். அதே ஆள் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை கிடைக்கவில்லை என்றால், "எங்க பரம்பரை உரிமை சார்" என்று கோர்ட்டுக்குப் போவார்.

இதே மாவட்டத்தில், 2022 டிசம்பர் கடைசியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன கலெக்டரிடம் அந்த மக்கள், இறையூர் அய்யனார் கோயிலுக்குள்ளும் எங்களை விடுவதில்லை என்று சொன்னார்கள். கலெக்டர் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விட்டார். நல்ல காரியம். ஆனால் தலித் மக்களுக்குக் கோயிலுக்குள் 'அனுமதி' கிடைத்தது என்றுதான் இதையெல்லாம் நாம் பேசுகிறோம். யார் யாருக்கு அனுமதி கொடுப்பது? 1947-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த நல்ல சட்டத்தின் பெயரே ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம். மூன்று வருஷம் கழித்து அரசியல் சட்டம் வந்து தீண்டாமையை ஒழித்தாயிற்று என்றது. அதற்குப் பிறகும் அது அனுமதி என்றால், ஒரு கும்பலின் பிரிவிலேஜை நாம் இன்னும் ஒத்துக்கொள்கிறோம் என்றுதானே அர்த்தம்?

டீக்கடைக்குத் திரும்புகிறேன். பையன் புது லெட்டரைப் படித்துக் காட்டினான். பக்கத்தில் நின்ற அவன் அப்பாவுக்குத் தமிழில் அர்த்தம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம் சார். பழைய மாதிரியே இருக்கட்டும். எனக்கு உரியதுன்னு எழுதினா ஆபீஸ்ல திமிருன்னு நினைச்சுக்குவாங்க. புள்ள படிக்கணும் சார்."

நான் என்ன பதில் சொல்ல? பையன்தான் பேசினான். "அப்பா, லிஸ்ட்ல நம்ம பேரு இருக்குப்பா."

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. என்டைட்டில்டு அப்படியே இருக்கும். கீழே கையெழுத்துக்கு மேல் நான் அடித்திருந்த 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்பதை அப்பாவுக்காக மறுபடி எழுதிச் சேர்த்தோம்.