படகிலே இருந்துவிட்ட தந்தை



யாக்கோபும் யோவானும் இயேசுவின் அழைப்பை ஏற்றுச் சென்றதைப் பற்றிய மறையுரைகள் பலவற்றைக் கேட்டிருப்பீர்கள். அந்த இறைவசனத்தை (மாற்கு 1:20) இன்னொரு முறை வாசியுங்கள். தந்தை செபதேயுவைக் கூலியாட்களோடு படகிலே விட்டுவிட்டே அவர்கள் சென்றனர்.

கூலியாட்கள் இருந்தனரே என்று ஆறுதல் கூறுவோர் உளர். மகனோடு கடலுக்குப் போவதும் கூலியாளோடு போவதும் ஒன்றல்ல என்பதைக் கடற்றொழில் புரிவோர் அறிவர். கலிலேயக் கடல் ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமான நன்னீர் ஏரிதான்; ஆயினும் மலைகளிலிருந்து இறங்கும் காற்று அதனைத் திடீரெனக் கொந்தளிக்கச் செய்யும். அக்காற்றின் குறியையும் வலை வீசும் வேளையையும் மைந்தர்கள் தந்தையின் அருகிலிருந்தே கற்றிருப்பர். அவரோ அவர்களைத் தடுத்ததாக மாற்கு எழுதவில்லை. இயேசுவின் சிலுவைச் சாவைத் தொலைவில் நின்று நோக்கிய பெண்களுள் அவருடைய மனைவியும் இருந்தார் (மத்தேயு 27:56). செபதேயுவோ பின்னர் நற்செய்திகளில் தோன்றுவதேயில்லை. மைந்தரைக் குறிக்கும் பெயராக மாத்திரமே எஞ்சுகிறார்.

மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் செபதேயுக்கள் இன்றும் உளர். மகன் குருமடத்திற்கோ வெளிநாட்டிற்கோ சென்றபின் இயந்திரத்தையும் வலையையும் தனியொருவராகவே பார்த்துக்கொள்கின்றனர். 2017ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் இழுவைமடியால் அவர்களுடைய வலைகள் அறுபடுகின்றன.

நல்லாயன் ஞாயிறன்று குருமாணவருக்காக மன்றாடுகிறோம், நன்று. அவர்களுடைய தந்தையரோடு படகேற ஆளுண்டா என்று எத்தனை பங்குகளில் விசாரிக்கிறோம்? அன்று பங்கிலே திரட்டும் உதவியில் ஒரு பகுதி அவ்வீடுகளின் வலைகளுக்கும் செல்வதே முறையெனக் கருதுகிறேன்.