முடிவு தெரிந்தும் பதறினேன்

'ஸ்டார் வார்ஸ்' முன்கதைகளில் கடைசியாக, 2005இல் வந்தது 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்'. அனகின், டார்த் வேடராக மாறுவான் என்பது ரசிகர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பதறினேன். எரிமலைக் கோளில் நடக்கும் வாள்சண்டையைத்தான் பலரும் புகழ்கிறார்கள். என்னை உலுக்கியதோ இசையரங்கக் காட்சி. வாள் இல்லை, வெடி இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்து பால்பட்டீன் ஒரு பழங்கதை சொல்கிறார். மரணத்தையே தடுக்கலாம் என்ற ஆசையை விதைக்கிறார். பதவி ஆசையைவிட, மனைவி பத்மே இறந்துவிடுவாளோ என்ற பயம்தான் அனகினை வீழ்த்துகிறது. காதல் வசனங்கள் மரக்கட்டைதான். ஜார்ஜ் லூக்கஸுக்கு அது கைவரவில்லை. ஆனாலும், கறுப்பு முகமூடி அவன் முகத்தில் இறங்கியபோது, இத்தனை நாள் வில்லனாக மட்டுமே பார்த்தவனுக்காக என் கண்கள் கலங்கின.