பிள்ளைக்குப் போனா டெப்பா? சிம் உள்ளதா இல்லாததா?



ஓ.எல். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சேர், மகனுக்கு நல்ல போன் ஒன்று எடுக்கணும், எது எடுக்கலாம்?" இந்தக் கேள்விக்குள்ளேயே இரண்டு விஷயம் முடிவாகிவிட்டது. எடுப்பது போன், அதுவும் மகனுக்கு. இரண்டிலும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோதுதான் கிண்ணியா, மூதூர், டவுன் என்று எல்லா இடத்திலும் வாப்பாவின் போன் பிள்ளையின் கொப்பியாக மாறியது. வட்ஸ்அப்பில் பாடம், வட்ஸ்அப்பில் ஒப்படை. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் பாடசாலை திறந்து இத்தனை வருஷமான பிறகும் "படிப்புக்கு போன்" என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. நகையை அடகு வைத்தாவது பெரிய போன் எடுக்கிறார்கள்.

பெரிய போன் என்றால் எவ்வளவு பெரியது? ஆறரை இஞ்சி என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. அகலம் ஏழு சென்ரிமீற்றர்தான் வரும். கடந்தகால வினாத்தாள் ஏ4 தாளில் இருக்கிறது, அதன் அகலம் 21 சென்ரிமீற்றர். அந்தப் பக்கம் முழுவதும் போனில் தெரிய வேண்டும் என்றால் மூன்றில் ஒன்றாகச் சுருங்க வேண்டும். 12 பொயின்ட் எழுத்து 4 பொயின்ட் ஆகிவிடும். தமிழில் இது இன்னும் மோசம். மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். கணிதத்தில் மேலே குட்டியாக நிற்கும் 2 உம் 3 உம் ஒன்று போலத் தெரியும். விரலால் பெரிதாக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கினால் கேள்வி மேலே போய்விடும், வரைபடம் கீழே போய்விடும். கேத்திர கணிதக் கணக்கு ஒன்றை இப்படி மேலும் கீழும் தள்ளித் தள்ளிச் செய்து பாருங்கள், பிள்ளைக்கு ஏன் தலையிடிக்கிறது என்று விளங்கும்.

8 இஞ்சி டெப்பில் அதே பக்கம் பாதி அளவுக்கு வரும். கதைப் புத்தகத்துக்குப் போதும், வினாத்தாளுக்குக் கஷ்டம். 10 இஞ்சி டெப்பை நிமிர்த்திப் பிடித்தால் மூன்றில் இரண்டு பங்கு அளவு. அதையே படுக்கையாக வைத்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 21 சென்ரிமீற்றர், அதாவது ஏ4 தாளின் அகலமே. அரைப் பக்கம் அச்சில் உள்ள அதே அளவில் தெரியும். ஆகவே என் தெரிவு 10 இஞ்சி. சட்டைப்பையில் கொண்டு போக முடியாதே என்றால், முடியாமல் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. மேசையில் இருக்கட்டும்.

அடுத்தது சிம். கடைக்காரர் சிம் போடுகிற டெப்பைத்தான் முதலில் காட்டுவார். பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையில்லை என்பேன். வைஃபை மட்டும் உள்ளது விலை குறைவு. இணையம் வேண்டும் என்றால் உம்மாவின் அல்லது வாப்பாவின் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டால் சரி. ஒரே டேட்டா பெக்கேஜில் வேலை முடியும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை பிடிஎப் ஆக இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு தடவை இறக்கி வைத்தால் பிறகு டேட்டாவே வேண்டாம். ஹொட்ஸ்பொட்டை நிறுத்தினால் டெப் வெறும் புத்தகம். இரவு பதினொரு மணிக்கு பப்ஜியா பாடமா என்று கதவுக்கு வெளியே நின்று காது கொடுக்கத் தேவையில்லை. (இறக்கி வைத்த விளையாட்டுகள் ஓடும், அதை நீங்கள்தான் பார்த்து அழிக்க வேண்டும்.)

கத்தாரில் இருக்கும் மாமாவும் சவூதியில் இருக்கும் மச்சானும் வரும்போது டெப் கொண்டு வருகிறார்கள் அல்லவா, அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். 2025 ஜனவரி இறுதியில் இருந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத புதிய சிம் கருவிகளுக்கு இங்கே வலையமைப்பு கிடைக்காது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே இங்கு பாவனையில் இருந்தவற்றுக்குப் பிரச்சினை இல்லை. சிம் இல்லாத டெப்புக்கு ஐ.எம்.இ.ஐ. இலக்கமே கிடையாது, ஆகவே இந்தத் தொல்லையும் கிடையாது. இங்கே கடையில் சிம் கருவி எடுப்பவர்களும் காசு கொடுக்க முன் பெட்டியில் உள்ள 15 இலக்கத்தைப் பாருங்கள். ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் போட்டு 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வரும்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். வாப்பா கடலுக்குப் போய்விடுவார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். உம்மாவின் கையில் பட்டன் போன். ஹொட்ஸ்பொட் போட ஆளில்லாத அந்த வீட்டுக்கு சிம் உள்ள டெப்தான் வேண்டும், அதற்கு மேலே செலவாகும் காசு வீண் இல்லை. அப்படி எடுத்தால் சிம்மை உம்மாவின் பெயரில் எடுங்கள், ரீலோட் போடுவதும் உம்மாவாக இருக்கட்டும். இன்னொன்று, சிம் இல்லாத டெப்கள் சிலவற்றில் ஜீ.பீ.எஸ். இருக்காது. வைஃபை ஐபேட்டில் கிடையவே கிடையாது. போட்டுக்கும் கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

இனி அந்த "மகனுக்கு" என்ற சொல்.

போன் எடுத்தால் அது மகனின் பையில் போகிறது. அவன் ரியூஷன் போனால் போனும் போகிறது, விளையாடப் போனால் போனும் போகிறது. ராத்தாவோ தங்கச்சியோ அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தால் சார்ஜ் இருக்காது. "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு போன்" என்று சொல்கிற வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு இங்கே வாதாட வரவில்லை. ஆனால் மேசையில் இருக்கும் டெப் யாருடைய போனும் இல்லை. அசர் முதல் மஃரிப் வரை மகள், இஷாவுக்குப் பிறகு மகன் என்று நேரம் எழுதிச் சுவரில் ஒட்டலாம். நம் பகுதியில் உயர்தரத்துக்கு நன்றாகப் படித்துப் போகிறவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள், பிறகு அவர்கள் கையில் என்ன கருவி இருக்கிறது என்றும் பாருங்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: ரெம் 4 ஜீபீக்குக் குறையாமல், மெமரி கார்ட் போடும் இடம் இருக்க வேண்டும், இயர்போன் துளை இருந்தால் நல்லது. ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீடுகள் நம்முடையவை. கடையில் நின்றபடியே வினாத்தாள் பிடிஎப் ஒன்றைத் திறந்து, பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். கமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

எந்தக் கடையில் என்ன விலை என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. டெப் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், வீட்டில் எப்படி நேரம் பிரிக்கிறீர்கள் என்று கொமென்டில் எழுதுங்கள்.