மீன் தொட்டிக்குள் ஒரு செம்பாறை

“அக்கா, பிள்ளைங்க ஆசைப்பட்டுதேன்னு இரண்டடி மீன் தொட்டி வாங்கினோம். பின்பக்கம் ஒட்டின கடல் படம் வெளுத்துப் போச்சு. தெர்மகோலில் பாறை மாதிரி வீட்டிலேயே செய்யலாமாமே, சொல்லித் தர்றீங்களா?” என்று பிள்ளையார்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் செய்யலாம், தங்கச்சி. கைவேலை என்று பார்த்தால் நாலைந்து நாள்தான். ஆனால் மீனை விடுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். அதற்குச் சம்மதமில்லை என்றால் கண்ணாடிக்கு வெளியே கறுப்புக் காகிதம் ஒட்டிவிடுங்கள், அதுவும் அழகுதான்.

முதலில் பாறை எப்படி இருக்கும் என்று மனதில் ஒரு படம் வேண்டும். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அங்கே கல்மரப் பூங்காவையும் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அந்த ரேகைகளையும், செம்மண் மேட்டில் மழைத் தண்ணீர் அறுத்த வரிகளையும் நன்றாகப் பார்த்து வாருங்கள். கண்ணால் மட்டும்! ஒரு துண்டு கூட எடுத்து வரக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம்.

ஒரு அங்குல கன தெர்மகோலைத் தொட்டியின் உள் அளவுக்குக் கால் அங்குலம் குறைவாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் சிறு சிறு துண்டுகளை ஏற்ற இறக்கமாகச் சிலிகான் பசையால் ஒட்டுங்கள். ரப்பர் சொல்யூஷனும் தின்னர் கலந்த பெயிண்டும் தெர்மகோலைக் கரைத்துவிடும். ஓரங்களைக் கத்தியால் சீவாமல் விரலால் பிய்த்தால்தான் பாறையின் சொரசொரப்பு வரும். மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கச் சொல்வார்கள். அந்தப் புகை நல்லதல்ல, வேண்டாம். உதிரும் மணிகளை உடனே பெருக்கிவிடுங்கள், தவழுகிற குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

பிறகு சிமெண்ட். முதல் பூச்சு நீர்க்க, மோர் பதத்தில். மறுநாள் ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த ஆற்று மணல் கலந்து தோசை மாவுப் பதத்தில் ஒரு பூச்சு. அதற்கடுத்த நாள் இன்னொன்று. கடல் மணல் ஆகாது, உப்பு. கடைசிப் பூச்சில் தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடு கொஞ்சம், பள்ளங்களில் கறுப்பு ஆக்சைடு துளி. கண்ணாடியில் ஒட்ட வேண்டிய முதுகுப் பக்கத்தில் மட்டும் பூச வேண்டாம். கையுறை கட்டாயம்; சிமெண்ட் பட்டால் கை வெந்து புண்ணாகும். ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் நிழலில் விடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். காரம் ஏறினால் மீனின் செவுள் புண்ணாகும். போதாததற்கு, மீன் கழிவில் உள்ள அம்மோனியாவும் காரத் தண்ணீரில் விஷம் கூடும். ‘அழகாகச் செய்தேன், மறுநாளே எல்லா மீனும் மிதந்தது’ என்று அங்கலாய்ப்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் நடந்தது இதுதான். ஆகவே பாறையை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் அமுக்கி, மேலே பாரம் வைத்து, இரண்டு நாளைக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். மூன்று நாலு வாரம் ஆகும்.

சுண்ணாம்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதல்லவா, அதே வித்தைதான்! இரண்டு வெள்ளைக் கிண்ணம் எடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் பாறை இரண்டு நாள் ஊறின தண்ணீர். இரண்டிலும் சிட்டிகை சுத்தமான மஞ்சள் தூள். ஊறின தண்ணீர் சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. சிவக்காவிட்டாலும் உடனே மீனை விடாதீர்கள். காரம் நன்றாக ஏறினால்தான் மஞ்சள் காட்டிக்கொடுக்கும். மீன் கடையில் கிடைக்கும் பி.எச். சோதனைத் திரவத்தில் இரண்டு தண்ணீரும் ஒரே நிறம் காட்ட வேண்டும். ஊறின தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

நன்றாகக் காயவைத்த பாறையை வெறும் தொட்டியில், உலர்ந்த கண்ணாடியில் ஒட்டுங்கள். சிமெண்ட் கனம்தானே, சும்மா சாய்த்து வைத்தால் போதாதா என்று நினைக்க வேண்டாம். இந்த அளவுத் தெர்மகோலைத் தண்ணீர் நாலரைக் கிலோ பலத்தோடு மேலே தள்ளும். சிலிகான் தாராளமாக இருக்கட்டும், மீன் தொட்டிக்கென்றே விற்பதாக இருக்கட்டும். குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு ரகம் மீனுக்கு ஆகாது. சுற்றிலும் இடைவெளி விடாமல் அடையுங்கள், குட்டி மீன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில், காடி வாடை முழுக்கப் போன பிறகு தண்ணீர் விடலாம்.

முதலில் நாலைந்து மோலி போதும். கொஞ்சம் கடினத் தண்ணீரை அவை தாங்கும். தீனி குறைவாகப் போடுங்கள். சக்கர் மீன் மட்டும் வேண்டாம். பாறையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், ஓரடிக்கு மேல் வளரும், பிறகு தொல்லை தாங்காமல் பாகூர் ஏரியில் கொண்டு விடத் தோன்றும். அந்தப் பாவம் ஏரி மீனுக்கு வேண்டாம். சில மாதத்தில் பாறையில் பச்சைப் பாசி படியும். முன் கண்ணாடியில் இருப்பதை மட்டும் துடைத்துவிட்டு, பாறையில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.