கம்மலை அடகு வைத்தால் ஐடி வேலை கிடைக்குமா?

ஆடலூர் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் பொறியியல் முடித்து ஐடி வேலை தேடுகிறார்கள். 'வேலை உறுதி' என்னும் விளம்பரத்தை நம்பி, அம்மாவின் கம்மலை அடகு வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறோம்.

சுயவிவரம் எழுதவும் நேர்காணலில் பேசவும் பழக வேண்டும்தான். படித்த வீடுகளில் சும்மா கிடைக்கும் அந்தப் பழக்கம் நமக்கு மட்டும் விலைக்கு வருகிறது. ஆனால் தடை அதோடு முடிவதில்லை.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்குப் போயின. தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஜோத்கா, நியூமன் ஆய்வில், மனிதவள மேலாளர்கள் 'குடும்பப் பின்னணி' கேட்பதாகச் சொன்னார்கள். நம் ஊரில் பெயரோடு சாதி ஒட்டுவதில்லை; 'எந்த ஊர், அப்பா என்ன வேலை?' என்ற கேள்வியே போதும். இதற்கு எந்தப் பயிற்சியாளர் பதில் சொல்லித்தருவார்?

தோழர்களே, 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், தாட்கோ பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குவோம். வேலையில் சேர்ந்த அண்ணன்களும் அக்காக்களும் தம்பி தங்கைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தட்டும். தங்கள் நிறுவனத்தில் பரிந்துரைக்கட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும் குரலையும் தளரவிட வேண்டாம். கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கட்டும்.