கொதிக்கிறது என்றவுடன் ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

மீளக் குடியமர்ந்த எமது கிராமங்களில் மசி பேர்குசன் 35, 135 உழவு இயந்திரங்களை இன்றும் காணலாம். 135 வெளிவந்தது 1964 இல். அதன் வயதை எண்ணிப் பாருங்கள். இவற்றிற் சில இடப்பெயர்வுக் காலத்தில் பல ஆண்டுகள் பற்றைக்குள் கிடந்து, பின்னர் கிளப்பப்பட்டவை. விதைப்புக்கு நிலம் உழுகின்ற நேரம் பார்த்து இவை கொதிக்கத் தொடங்கும். கராஜுக்குக் கொண்டுபோனால் முதற் சொல், "ஹெட் காஸ்கற் போயிட்டுது, கழற்றத்தான் வேணும்." மனைவியின் காப்பு அடைவுக்குப் போகிறது. ஹெட் கழற்றிப் பூட்டியும் இரண்டாம் நாள் மீண்டும் கொதிக்கிறது.

மெக்கானிக்மாரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்களிற் பலர் கெட்டிக்காரர். ஆனால் ஹெட்டில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும், முதல் வேலையாக அல்ல என்பதே எனது கருத்து. அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசியைக் கமக்காரர் தாமே காசில்லாமல் பார்க்கலாம்.

முதலில், எப்போது கொதிக்கிறது என்பதை அவதானியுங்கள். சும்மா நின்று ஓடும்போது கொதிக்காமல், கலப்பை ஆழமாக இறங்கும்போது மட்டும் கொதித்தால், சூட்டை வெளியேற்றும் வழி ஒடுங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ரேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள். வைக்கோற்தூசி, சேறு, குளவிக்கூடு எல்லாம் அதன் இடுக்குகளில் அடைந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். விசிறியின் பெல்ற்றை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம், முக்கால் அங்குலம் இறங்கினால் சரி. அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ற் வழுக்கும், விசிறியும் தண்ணீர்ப் பம்பும் சோம்பும். பம்பின் அடியில் உள்ள சிறு துவாரத்தால் தண்ணீர் சொட்டினால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது.

உட்புற அடைப்புக்குத்தான் நாம் போதிய கவனம் கொடுப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். வன்னியிலும் பல கிணறுகள் அப்படியே. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல்லுப் பிடித்திருப்பதைப் பாருங்கள். அதே கல்லு எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கிறது. கொதித்துக் குறைய, நாம் மேலும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறோம், கல்லு மேலும் தடிக்கிறது. எஞ்சினைச் சூடாக ஓட்டி நிறுத்தியபின் ரேடியேற்றரின் முகத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். சுற்றிவரச் சூடாக இருக்க ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால், அவ்விடத்துக் குழாய்கள் அடைபட்டுள்ளன. மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்து ரேடியேற்றருக்கு அதையே பாவிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இதற்குச் செலவே இல்லை.

ரேடியேற்றர் மூடியும் ஒரு பாகமே. அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துவது அதன் வேலை. 7 இறாத்தல் மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 111 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். மூடி தொலைந்த இடத்தில் சீலைத்துண்டு அடைத்து ஓடுபவர்கள் அந்த 11 பாகையையும் இழக்கிறார்கள்.

தேமோஸ்ரற் பற்றி ஒரு பிடிவாதம் எம்மிடையே உண்டு: "இது சூடான நாடு, அது தேவையில்லை, கழற்றி எறி." இதை நான் ஏற்கவில்லை. தேமோஸ்ரற் இல்லாத எஞ்சின் சூடாகப் பிந்தும். டீசல் கூடச் செல்லும், தேய்வும் கூடும். சில எஞ்சின்களில் சூடேறியதும் ரேடியேற்றருக்குப் போகாத குறுக்கு வழியை அடைப்பதும் தேமோஸ்ரற்தான். அங்கே அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பி வரும், சூடு குறையாமல் கூடலாம். சந்தேகமென்றால் எறியவேண்டாம், அடுப்பில் சோதியுங்கள். நூலில் கட்டித் தண்ணீர்ச் சட்டிக்குள் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்க முன்னமே அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்கலாம். ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம்.

எல்லாச் சூடும் தண்ணீர்க் குறையால் வருவதல்ல. 1990களில் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியது நினைவிருக்கும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் அமுக்கத்தைத் தாங்காது. எஞ்சின் உள்ளே தட்டும், சூடேறும். அந்தக் காரின் ரேடியேற்றரை எத்தனை தரம் கழுவினாலும் அந்தச் சூடு போயிராது. டீசல் எஞ்சினிலும் எண்ணெய் விசிறும் நேரம் பிந்தினால் சூடு கூடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கொதித்தால்தான் ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து கிளப்புங்கள். சூடேற முன்னமே தண்ணீரில் குமிழிகள் ஓயாமல் வந்தால் அது எரிவாயு. ஒயில் கோலை இழுத்துப் பார்க்க ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அதன்பின் ஓட்டவே கூடாது. சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், ஆவி முகத்தை வேகவைத்துவிடும். தண்ணீர் வற்றிக் கொதித்த எஞ்சினுக்குக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். வெடித்த ஹெட்டுக்குக் காஸ்கற் மாற்றிப் பயனில்லை.

ஹெட் கழற்றத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் நில்லுங்கள். பழைய காஸ்கற்றில் எரிந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்த்துவிட்டே பூட்டச் சொல்லுங்கள்.