காசு கட்டினா கால் வருது.. வேலை வருதா? கான்ட்ராக்டர்களை வாட்டும் 'லீட்' கணக்கு!

"வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும், பாத்ரூம் டைல்ஸ் மாத்தணும்" என்று ஒருவர் செல்போனில் தேடி, தன் நம்பரைப் பதிவு செய்கிறார். அடுத்த சில நிமிடங்களில் வரிசையாக அழைப்புகள். நாலைந்து கால் வந்ததுமே கடுப்பாகி போனை சைலண்டில் போட்டுவிடுகிறார். மறுமுனையில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் மேஸ்திரியோ, அந்த நம்பருக்காகவே காசு கட்டியவர்!

கட்டட வேலை, பெயிண்டிங், பிளம்பிங், எலக்ட்ரிகல் என எந்த கான்ட்ராக்ட் எடுப்பவரிடம் கேட்டாலும் இந்தப் புலம்பல் இருக்கும். இது வெறும் புலம்பலா, இல்லை இதில் நியாயம் இருக்கிறதா?

லீட் என்றால் என்ன?

வேலைக்கு ஆள் தேடும் ஒருவரின் பெயர், நம்பர், தேவை ஆகிய விவரங்கள்தான் லீட். ஜஸ்ட் டயல், இந்தியாமார்ட் இரண்டுமே 1996-ல் தொடங்கியவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகாவும் இந்தத் துறையில் பழைய பெயர். தேடுபவருக்கு இந்தச் சேவை இலவசம். வருமானம் தொழில் செய்பவரிடமிருந்து வருகிறது. பட்டியலில் மேலே காட்டுவதற்கு ஒரு தொகை, என்கொயரி அனுப்புவதற்கு ஒரு தொகை என்று பேக்கேஜ் போடுவார்கள்.

அர்பன் கம்பெனி மாதிரியான ஆப்களின் வழி வேறு. அங்கே விலையை ஆப் நிர்ணயிக்கிறது, வேலை முடிந்தால் கமிஷன் பிடிக்கிறது. லீட் விற்பவர்களுக்கோ வேலை முடிந்ததா, தொடங்கியதா என்ற கவலை கிடையாது. நம்பரைக் கொடுத்ததோடு அவர்கள் கணக்கு முடிஞ்சுது.

பெருநகர் மேஸ்திரியின் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, காஞ்சிபுரம் - வந்தவாசி சாலையில், உத்திரமேரூர் தாலுகாவில் இருக்கும் பெருநகரை எடுத்துக்கொள்வோம். அங்கே லேபர் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒரு மேஸ்திரி 20 ஆயிரம் ரூபாய் பேக்கேஜ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600 ரூபாய். மொத்தம் 23,600. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் அவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருக்க மாட்டார். அதனால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

அந்தப் பேக்கேஜில் 40 லீட் வருகிறது என்றால், ஒரு லீடின் விலை 590 ரூபாய். அதில் இரண்டு வேலை கைகூடினால், ஒரு வேலையைப் பிடிக்க ஆன செலவு 11,800 ரூபாய். 40 ஆயிரம் ரூபாய் பெயிண்டிங் வேலையில் கூலி கொடுத்தது போக கையில் நிற்பது அதைவிடக் குறைவு என்றால்? வேலையும் செய்து நஷ்டமும் பட்ட கதைதான்.

இதே லீட் இன்னும் நாலு பேருக்குப் போயிருந்தால் கணக்கு வேறு மாதிரி மாறும். அந்த ஒரே நம்பருக்கு விற்றவர் பெறுவது 590 பெருக்கல் 5, அதாவது 2,950 ரூபாய். வேலை கிடைக்கப்போவது அதிகபட்சம் ஒருவருக்கு. எந்தப் பொய்யும் சொல்லாமல், எல்லாம் நேர்மையாகவே நடந்தாலும் மீதி நாலு பேர் தோற்றுத்தான் ஆகவேண்டும். 'போலி என்கொயரி' என்று பலரும் திட்டுவது இதன் பிறகு வரும் தலைவலி. அடிப்படைச் சிக்கலே இந்த வடிவமைப்பில்தான் இருக்கிறது.

மாவட்டம் ஒன்று, மார்க்கெட் வேறு

கிராமப்புற கான்ட்ராக்டருக்கு இன்னொரு கூடுதல் சுமை, தூரம். 2019-ல் செங்கல்பட்டு பிரிந்த பிறகும் மாங்காடு, குன்றத்தூர், படப்பை, ஒரகடம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மாவட்டத்தை வைத்து பகுதி பிரித்தால், பெருநகர் மேஸ்திரிக்கு மாங்காடு அபார்ட்மென்ட் லீட் வரும். போய்ப் பார்த்து, அளவெடுத்து, ரேட் சொல்லிவிட்டு வரவே ஒரு நாள் போயிடும். சென்னை புறநகரில் இருக்கும் போட்டியாளர் அதற்குள் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்.

ஆனால் அவர் உண்மையில் வேலை பார்க்கக்கூடிய வந்தவாசியும் செய்யாறும் திருவண்ணாமலை மாவட்டம். பக்கத்து ஊர்தான், பட்டியலில் மட்டும் வேறு மாவட்டம்!

அதோடு, கிராமத்தில் வேலை வரும் வழியே தனி. சிமெண்ட் கடைக்காரர் கைகாட்டுவார், பக்கத்து வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் மேஸ்திரியின் நம்பரை வாங்கிக்கொண்டு போவார். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டும் பயனாளி, கொத்தனாரைத் தேடி ஆப் திறப்பது அபூர்வம். ஊருக்குள்ளேயே ஆள் இருக்கிறார்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இந்தப் புகார் நம்ம ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஆன்ஜி குழுமத்தைச் சேர்ந்த 'ஹோம்அட்வைசர்' நிறுவனம் மீது, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2022 மார்ச்சில் நடவடிக்கை தொடங்கியது. லீட்களின் தரம் பற்றியும், அவை வேலையாக மாறும் வாய்ப்பு பற்றியும் தவறான தகவல் சொல்லி கான்ட்ராக்டர்களிடம் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்ட வேலைக்கும் கேட்ட பகுதிக்கும் பொருந்தாத லீட்கள் பற்றியும், ஒரு மாதம் இலவசம் என்று சொன்ன கூடுதல் சேவை பற்றியும் அதில் புகார் இருந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 72 லட்சம் டாலர் வரை நிறுவனம் கட்ட வேண்டும், இப்படி விளம்பரம் செய்வதை நிறுத்த வேண்டும் என்று உத்தரவானது.

தனித்தனியாக நூறு, இருநூறு டாலருக்கு யாரும் கோர்ட் ஏற மாட்டார்கள். சிறு தொழில் செய்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஓர் அரசு அமைப்பே வழக்கை நடத்தியதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

இங்கே எங்கே போவது?

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. வணிக நோக்கத்துக்காக சேவை வாங்குபவர் சட்டப்படி 'நுகர்வோர்' ஆகமாட்டார். பழைய 1986 சட்டத்தில், 2002 திருத்தத்துக்குப் பிறகு ஒரு விலக்கு இருந்தது. சுயதொழில் செய்து பிழைப்பவர், அதற்காக மட்டும் வாங்கும் பொருளும் பெறும் சேவையும் வணிக நோக்கத்தில் சேராது என்றது அது. இப்போதுள்ள 2019 சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கத்தில் 'பொருள்' மட்டும் இருக்கிறது, 'சேவை' இல்லை.

அதாவது, மேஸ்திரி வாங்கிய டிரில் மெஷின் பழுதானால் அந்த விலக்கைக் காட்டி அவர் நுகர்வோர் ஆகலாம். லீட் பேக்கேஜில் ஏமாந்தால் அந்த விலக்கு கைகொடுக்காது. எந்த நோக்கத்துக்காக வாங்கினார் என்பதை வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் வாதாட கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக அந்த வாதத்தை யார் நடத்துவது?

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் விபத்து உதவி, ஓய்வூதியம் பார்க்கும். லீட் பஞ்சாயத்து பார்க்காது. 2023-ல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்த கிக் தொழிலாளர் நல வாரியம், உணவு டெலிவரி போன்ற ஆப் வழி வேலை செய்பவர்களை மனதில் வைத்து வந்தது. ஆப்பில் வேலை செய்யாமல், ஆப்புக்கு காசு கட்டும் மேஸ்திரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' தடுப்பு வழிகாட்டுதல்களில் மொத்தம் 13 தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. சந்தாவை ரத்து செய்ய விடாமல் இழுத்தடிக்கும் 'சந்தா பொறி'யும் அதில் ஒன்று. ஆனால் அதுவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். சுற்றிச் சுற்றி அதே கேள்வி.

கையெழுத்துக்கு முன்னால்..

ஒரு லீட் எத்தனை பேருக்குப் போகும், தப்பான நம்பர் வந்தால் பதிலுக்கு வேறு லீட் தருவார்களா, பகுதி எத்தனை கிலோமீட்டருக்குள் என்பதை சேல்ஸ் ஆளிடம் வாய்மொழியாகக் கேட்டு பிரயோஜனம் இல்லை. வாட்ஸ்அப்பிலோ இமெயிலிலோ பதில் வாங்கணும். வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அது வெளிமாநில ஊராக இருந்தால் யோசிக்க வேண்டும்.

மாதாமாதம் பணம் பிடிக்க ஒப்புதல் கொடுத்திருந்தால், கார்டு, யு.பி.ஐ. ஆட்டோபே இரண்டிலும் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யு.பி.ஐ. ஆப்பிலேயே ஆட்டோபேவை நிறுத்தலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக 'நாச்' முறையில் பிடித்தால், வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

நம்பர் பட்டியலில் ஏறிய பிறகு மோசடி அழைப்புகளும் வரும். 'ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்பது பழைய பாணி. பணம் வாங்க யாரும் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். சந்தா தொடர்பான புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூகுள் மேப்பில் கடை பெயரையும் நம்பரையும் ஏற்றுவதற்கு காசு கிடையாது. 'உத்திரமேரூர் அருகில் பெயிண்டர்' என்று தேடுபவர் கண்ணில் பட அதுவும் ஒரு வழி.